பொட்டிபுரத்தில் கோல்ஃப் ஆட இடம் பார்த்தது

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்ததற்கு முந்தைய ஆண்டின் ஆனி மாதம் அது. நாள் கணக்கில் நான் பொதுவாகத் தவறுவதில்லை. ஆனால் இதில் தேதியை உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனி என்பதற்கு மட்டும் இரண்டு சாட்சிகள் உண்டு. மலையில் மழை பிடித்து, போடிமெட்டுச் சாலையில் ஒரு வளைவு மண்ணோடு சரிந்து கிடந்தது. கீழே பொட்டிபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஆட்டுக்கிடை இன்னும் எழுந்து முடியவில்லை. ஆடி பிறந்திருந்தால் அங்கே கிடை இருக்காது, விதைப்பு இருந்திருக்கும்.

அந்த மண்சரிவினால்தான் ஓர் ஏலத்தோட்டக் கம்பெனியின் மதராஸ் ஏஜென்ட் மேலே போக முடியாமல் போடியில் மாட்டிக்கொண்டார். போர்க்காலத்தில் பெயர்த்தெடுத்த தண்டவாளத்தை மறுபடி போட்டு எங்கள் ஊருக்கு ரயில் வரத் தொடங்கிச் சிறிது காலமே ஆகியிருந்தது. அதில் வந்து இறங்கியவர் முசாபரி பங்களாவில் தங்கினார். தோட்டத்து மானேஜர், அதாவது வெள்ளைக்காரத் துரை, சரிந்த மண்ணை நடந்தே தாண்டி இறங்கி வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். வேலைப் பேச்சு முதல் நாளிலேயே முடிந்துவிட்டது. பிறகு ஏஜென்ட் பங்களாவின் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோல்ஃப் ஆடாமல் அவருக்குப் பொழுது போகாது என்றார்கள். மதராஸில் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லையாம்.

என் அக்காவின் கணவர் அந்தத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. ராசிங்காபுரத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, இன்டர்மீடியட் வரை படித்தவர். மலையில் தனக்கு விளையாட்டுத் துணை இல்லாததால், துரை தன் பங்களாவுக்கு முன்னாலிருந்த புல்வெளியில் இவருக்குக் கோல்ஃப் கற்றுக்கொடுத்திருந்தார். மச்சான் பந்தை நன்றாகவே அடிப்பார் என்று கேள்வி. அந்த வியாழக்கிழமை அவர் தோளில் கோல்ஃப் பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை செம்மண்.

"மாப்ளே, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு எடம் பாக்கணும். தட்டையா, நீளமா, முள்ளு இல்லாம" என்றார். "ஏஜென்ட்டு சந்தோசமாத் திரும்பிப் போனா, சின்னத்துரை வேலைக்கு எம் பேரச் சொல்றது தனக்குச் சுலபம்னு துரை சொல்லிட்டாரு."

சின்னத்துரை என்றால் உதவி மானேஜர். அந்தத் தோட்டத்தில் எங்கள் பக்கத்து ஆள் யாரும் அதுவரை அந்த வேலையில் உட்கார்ந்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு வேறொரு அர்த்தம் இருந்தது. சின்னத்துரைக்குக் கணப்புப் போட்ட தனி வீடு உண்டு. கணக்குப்பிள்ளைக்கு ஒற்றை அறை. கூரை ஒழுகும், தரையில் அட்டை ஏறும். அந்த அறைக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போக முடியாது என்று மச்சான் சொல்லிவிட்டதால், மூத்தவள் பிறந்ததிலிருந்து அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாதத்துக்கு ஒரு தரம் அவர் இறங்கி வருவார். அடுத்த நாள் பஸ்சுக்குப் போய்விடுவார். அக்காவுக்கு உட்கார்ந்து பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஏதாவது ஒரு சாக்கில் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

நான் ஏலக்காய் மண்டியில் குமாஸ்தா. ஆனியில் மண்டியில் சோலி குறைவு. புதுக் காய் இறங்க இன்னும் நாள் இருந்தது. அதனால் மச்சானோடு சைக்கிளில் கிளம்பிவிட்டேன்.

முதலில் பார்த்தது முந்தலுக்குப் போகிற வழியில் இருந்த ஓர் இலவந்தோப்பு. மலையடிவாரத்தில் அவ்வளவு தட்டையான நிலம் வேறு கிடையாது. மரங்கள் தள்ளித் தள்ளி நின்றன. கீழே மாடு மேய்ந்த புல், நிழல், காற்று. மச்சான் பையிலிருந்து ஒரு கோலை உருவி, பந்தை வைத்து அடித்தார். நல்ல அடி. பந்து இரண்டு மரங்களுக்கு நடுவே பறந்து போய் விழுந்ததை நாங்கள் இருவருமே கண்ணால் பார்த்தோம். போய்ப் பார்த்தால் பந்து இல்லை. அதாவது, எங்கு பார்த்தாலும் பந்து இருந்தது. காய் உடைத்து முடிந்த சமயம். சிந்தின பஞ்சு புல்லில் சிக்கி உருண்டை உருண்டையாக, பனியில் நனைந்து, பந்தின் அளவிலேயே கிடந்தது. ஒன்றை எடுத்தால் பஞ்சு. அடுத்ததை எடுத்தால் அதுவும் பஞ்சு. மச்சான் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இதுல ஏஜென்ட்ட விட்டா என்ன ஆகும் மச்சான்?"

"பருத்தி எடுக்கிற மாதிரி மடியில கட்டிட்டுப் போவாரு" என்றார், சிரிக்காமல்.

பந்து கடைசியில் என் காலில் இடறியது. இடம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை ராசிங்காபுரம் கண்மாய். தண்ணீர் வற்றி உள்வாய் முழுக்க அறுகு படர்ந்திருந்தது. சொந்த ஊர் என்பதால் மச்சானுக்கு அங்கே தைரியம் அதிகம். அவர் காலடியால் தூரத்தை அளந்துகொண்டே போக, நான் அக்காவின் பழைய சேலையில் கிழித்த துணியை ஒரு கம்பில் கட்டி அவர் காட்டின இடத்தில் ஊன்றினேன். இரண்டாவது கம்பை ஊன்றும்போதே கரையில் ஆட்கள் தெரிந்தார்கள்.

"என்ன, பாம்பா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே கம்போடு இறங்கினார்.

"பாம்பு இல்ல. கண்மாய அளக்க வந்திருக்காக" என்றார் பின்னால் வந்தவர்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உள்வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசணியும் கடலையும் போட்டிருந்தவர்கள் அந்த ஊரில் கணிசம். புறம்போக்கை அளந்து கல் ஊன்றப்போகிறார்கள் என்ற பேச்சு அந்த வருடம் எல்லாக் கண்மாய்க் கரையிலும் அடிபட்டுக்கொண்டிருந்தது. சட்டை போட்ட ஒருவன் காலால் அளப்பதையும் இன்னொருவன் கொடி நடுவதையும் பார்த்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சானின் சித்தப்பாவே வந்தார். பூசணிக்கொடி பெரும்பாலும் அவருடையது.

"ஏன்டா, மலையில ஒனக்குச் சோலி இல்லையா? சொந்தக்காரன் வயித்துல கல்லு ஊண்ட வந்துட்டியா?"

"இல்ல சித்தப்பா, இது வெளாட்டு. ஒரு பெரிய மனுசன் பந்தடிக்க எடம் பாக்குறோம்."

"வெளாட்டா? ஒனக்கு ரெண்டு பிள்ளை ஆச்சு."

"நான் இல்ல சித்தப்பா, மதராசுலருந்து வந்திருக்காரு..."

"மதராசுலருந்தே வந்துட்டாகளா!" என்றாள் கரையிலிருந்து ஒருத்தி. அதற்கு மேல் விளக்கிப் பயன் இல்லை. கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மச்சான் என் சைக்கிளை முந்துவதும், பிறகு நின்று எனக்காகக் காத்திருப்பதும், நான் நெருங்கியதும் மறுபடி மிதிப்பதுமாக வந்தார். அன்று இரவு சாப்பாட்டிலும் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை யோசனை என்னுடையது. ஊர் வாசகசாலையில் கிடந்த பழைய ஆங்கில வாரப் பத்திரிகை ஒன்றில், ஸ்காட்லாந்தில் இந்த விளையாட்டைத் தொடங்கினவர்கள் கடலோரத்தில் செம்மறி ஆடு மேய்ந்த நிலத்தில்தான் ஆடினார்கள் என்று படித்திருந்தேன். புல்லை ஆடு கடிப்பதுபோல் ஒட்ட வெட்ட எந்த அரிவாளாலும் முடியாது. அப்படியானால் எங்கள் பக்கத்தில் ஆடு கிடக்கிற இடம் எது?

பொட்டிபுரத்துக்கு அப்பால், மலையைப் பார்த்த நீண்ட நிலம் ஒன்றில் கிடை கிடந்தது. எரு வேண்டிய நிலக்காரர்கள் கிடைக்காரர்களுக்குக் கூலி கொடுத்து ஆடுகளை நிலத்தில் தங்க வைப்பார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் அந்த நிலத்திலேயே படுக்கை. நாங்கள் போனபோது ஆடுகள் மேயப் போயிருந்தன. ஆடு ஒட்டக் கடித்த புல்லோடு நிலம் பாய் விரித்ததுபோல் இருந்தது. சோளத்தட்டையின் அடிக்கட்டைகூட ஆடு மிதித்து மண்ணோடு ஆகியிருந்தது. மூலையில் ஒரு பழைய களம். மச்சான் நிலத்தின் இந்த முனையில் நின்று அந்த முனையைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் அசையாமல் நின்றது அப்போதுதான்.

தலையில் உருமாலோடு இருந்த கீதாரிதான் கிடைக்குத் தலைவர்; பந்தாட இடம் வேண்டும் என்று சொல்லி, எப்போது எழுந்து போவார்கள் என்று அவரிடம் கேட்டார்.

"இன்னைக்கு ராத்திரிதான் கடேசி. விடியமுன்ன எந்திரிச்சுருவோம்."

"விடிஞ்சா நெலம் சும்மா கெடக்குமா?"

"எங்க ஆடு இருக்காது. ஆடிக்கங்க, யாரு கேக்கப்போறா?"

நிலத்துக்காரர் போடிக்குச் சந்தைக்குப் போயிருந்தார். எங்களுக்குக் கீதாரியின் வாக்கே பட்டா கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. களத்தைக் கூட்டினோம். பந்து உருண்டு குழியில் விழ வேண்டிய இடம் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பதால், அக்கா சொல்லி அனுப்பியபடி சாணியை நீர்க்கக் கரைத்து மெழுகினோம். மச்சான் துரை கொடுத்த கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மெழுகினார். நடுவில் ஒரு பால் டின்னைப் புதைத்துக் குழி ஆக்கினோம். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்:

"எப்பிடி இருக்கு எடம்?"

"அடுத்த பெரட்டு சின்னத்துரை பெரட்டுதான்" என்றார் மச்சான். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் சொல்லி வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர்.

அன்று சாயங்காலம் கொஞ்சம் சாரல் விழுந்தது. புல் இன்னும் அழகாக இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஞாயிறு காலை, விருந்தாளிகளுக்கு முன்னால் போய்க் கொடி நட வேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினோம். பொட்டிபுரம் தாண்டியதும் மாட்டை அதட்டுகிற குரல் கேட்டது. மச்சான் சைக்கிளை விட்டு இறங்கினார். நிலத்தில் ஐந்து ஏர் பூட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஓரத்தைச் சுற்றி உழுதுகொண்டிருந்தார்கள். இரண்டு சால் ஏற்கெனவே விழுந்திருந்தது. ஈர மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்த வாடை.

முன்னேரைப் பிடித்திருந்தவர் நிலத்துக்காரர். மச்சான் வரப்போரமாகவே அவர் கூட நடந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கே ஏர் எறக்கிட்டீக?"

"ஆடு எந்திரிச்சா ஏரு எறங்க வேண்டாமா? புழுக்கை காயுமுன்ன மண்ணுக்குள்ள போகணும். சாரல் வேற விழுந்திருக்கு. என்ன அப்பு, நீ ராசிங்காபுரத்தான்தானா?"

மச்சானின் காது சிவந்துவிட்டது. கிடை எழுந்ததுமே உழுவது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் அப்பாவின் நிலத்தில் அவரே மேழி பிடித்தவர். ஆடு எப்போது போகும் என்று கேட்டோமே தவிர, போன பிறகு என்ன வரும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வைக்க முடியுமாண்ணே?"

"மத்த நாலு ஏரும் மொய்க்கு வந்தது, பதிலுக்கு நான் அவுகளுக்கு உழணும். நிறுத்துனா அதது வீட்டுக்குப் போயிரும். நாளைக்கி வெயில் அடிச்சா இந்த எருவுக்கு நான் என்ன சொல்ல?"

மச்சான் குரலை மாற்றிக்கொண்டு, "உங்க மருமக நம்ம தோட்டத்துலதான வேலை பாக்குது?" என்றார்.

அந்தப் பெண் மச்சானுடைய பெரட்டில் நிற்கிறவள். அவர் நினைத்தால் நாளைக்கே பேரை அடிக்கலாம்.

நிலத்துக்காரர் மாட்டை நிறுத்தவில்லை. "ஆமா, அதுக்கென்ன?"

"இல்ல... நல்லாருக்கான்னு."

"நீதான சொல்லணும். நீதான அங்க இருக்க!" பின்னேர்க்காரர்கள் சிரித்தார்கள். மச்சானும் ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நிலத்துக்காரரே பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "சுத்திச் சுத்தித்தான வருவோம். நடு எடத்துக்கு வர ரொம்ப நேரம் ஆகும். அதுக்குள்ள நடுவுல வெளாடிக்கங்க. களத்துப் பக்கம் கடேசியா வர்றேன். வெரசா ஆடிட்டுப் போங்க."

வேறு இடம் தேட நேரமில்லை. துரையையும் ஏஜென்ட்டையும் ஏற்றிக்கொண்டு மண்டி முதலாளியின் ஜீப்பு வந்துகொண்டிருந்தது.

துரை இறங்கியதும் ஏர்களைப் பார்த்துவிட்டு மச்சானைப் பார்த்தார். ஏஜென்ட் நிலத்தின் நடுவை மட்டும் பார்த்தார். அவர் எங்களைவிடக் கறுப்பு, மதராஸ்காரர். தொப்பி, வெள்ளைக் கால்சட்டை. வந்ததிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. முதல் அடி அற்புதமாக விழுந்தது. அவர் முகம் தெளிந்தது. துரை அடித்தார், மச்சான் அடித்தார். மூவரும் களம் வரை போய்ப் பால் டின்னில் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். சாணி மெழுகிய தரையைக் காலால் தொட்டுப் பார்த்து, மதராஸில்கூட இவ்வளவு சீராக இல்லை என்று ஏஜென்ட் துரையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணால் விளையாட்டையும் ஒரு கண்ணால் ஏரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அவர்கள் திரும்பும்போதும் புல் ஒரு சுற்றுக் குறைந்திருந்தது. மாடுகளின் மணி கிட்டத்தில் கேட்டது. அவர்கள் அடிக்கும் தூரமும் குறைந்துகொண்டே வந்தது.

மூன்றாவது முறை களத்தை நோக்கி வரும்போது ஏஜென்டின் பந்து ஓரமாகப் போய்ச் சாலுக்குள் விழுந்தது. நாங்கள் ஓடுவதற்குள் அடுத்த ஏர் அதன்மேல் மண்ணைப் புரட்டிவிட்டது.

"ஏரை நிறுத்தச் சொல். பந்து கிடைக்கும்வரை யாரும் உழக்கூடாது" என்றார் ஏஜென்ட், ஆங்கிலத்தில், மச்சானிடம்.

மச்சான் நிலத்துக்காரரிடம் போனார். "அண்ணே, பந்து மண்ணுக்குள்ள போயிருச்சு. செத்த நிப்பாட்டுங்க, தேடிக்கிறோம்."

"எந்தச் சாலுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்பப் பூராத்தையும் கிண்டணும். சரி, மொளைச்சா எடுத்து வைக்கிறேன்னு சொல்லு."

ஐந்து ஏர்க்காரர்களும் ஒரே குரலில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மச்சான் திகைத்து நின்றபோது ஏஜென்டின் முகத்தைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர் துரையின் பக்கம் திரும்பி, கேட்கட்டும் என்றேதான் சொன்னார்: ஒரு காலை நேரத்துக்கு ஐந்து ஏரை நிறுத்த முடியாதவன், மழையில் நானூறு ஆளை எப்படி நிறுத்தி வேலை வாங்குவான்?

துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மச்சானே பதில் சொல்லிவிட்டார்.

"நிறுத்தினால் ஈரம் போய்விடும், சார்."

ஏஜென்ட் கோலைப் பையில் போட்டுவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். ஏர்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

சாயங்காலம் துரை கூப்பிட்டனுப்பி முடிவைச் சொன்னார். மச்சான் முசாபரி பங்களாவிலிருந்து வந்தபோது அக்கா வாசலில்தான் நடந்துகொண்டிருந்தாள்.

"இல்லன்னுட்டாரு" என்றார். "மதராசுலருந்து வேற பையன் வர்றானாம்."

"அடுத்து எப்பக் கேப்பாக?"

"தெரியல. துரையும் அடுத்த வருசம் சீமைக்குப் போறாரு."

அக்கா உள்ளே போனாள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்குகிற சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தோம். குழந்தைகளின் துணிகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டுக் கெளம்புற?" என்றார் மச்சான்.

"ஒங்ககூட."

"அந்த ரூமுலயா? அட்டை கடிக்கும்மா. ராத்திரி பூரா ஒழுகும்."

"கடிக்கட்டும். உப்பு எடுத்து வச்சிருக்கேன்."

"சின்னத்துரை வீடு கெடைச்சதும் கூட்டிட்டுப் போகலாம்னு..."

"நான் சின்னத்துரையவா கட்டுனேன்?" என்றாள் அக்கா, பெட்டியை அமுக்கிப் பூட்டிக்கொண்டே. "இங்க நடந்து நடந்து என் காலு தேஞ்சு போச்சு. நாளைக்கி மொதப் பஸ்சு."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் பஸ் சரிவு வரைக்கும்தான் போனது. அதற்கு மேல் நடை. அந்தப் பக்கம் தோட்டத்து லாரி ஒன்று நின்றது. ஒரு குழந்தை என் இடுப்பில், இன்னொன்று மச்சான் தோளில். பெட்டியும் கோல்ஃப் பையும் எங்கள் இருவர் கையிலும் மாறி மாறி வந்தன. சேற்றில் நடப்பதற்கு யாரோ மரத்துண்டுகளைப் போட்டிருந்தார்கள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் சாமான் மூட்டையோடு, எங்களுக்கு முன்னால் அதன்மேல் ஏறிப் போய்விட்டாள். அந்தக் கரையில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, அங்கயே நின்னுட்டீக? வெரசா வாங்க, லாரிக்காரன் கெளம்புறான்!"